தடிமன்தானே!

மார்கழி பிறந்ததும் மானிப்பாயில் இரண்டு ஒலிகள் விடியுமுன்னரே என் செவியில் விழுகின்றன. ஒன்று, திருவெம்பாவைக் காலத்துச் சங்கொலி. மற்றையது, அயல் வீடுகளிலிருந்து எழும் இருமல். சங்கொலி பத்து நாளில் ஓய்ந்துவிடும். இருமலோ தைப் பொங்கலையும் கடந்து மாசிவரை நீளும். இருமுகின்றவரை வேலியோரம் கண்டு, "என்ன, சுகமில்லையோ?" என்று வினவினால், "ஒன்றுமில்லை, தடிமன்தானே!" என்பதே விடை.

அந்தத் "தானே" என்னும் சொல்லைப் பற்றியே எழுதப் புகுந்தேன். தான் என்பதும் ஏ என்பதும் இடைச்சொற்கள். தனித்து நின்று பொருள் தரமாட்டா. ஆயினும் ஒரு பெயரோடு ஒட்டிக்கொண்டால் அப்பெயரின் பாரத்தையே இறக்கிவைத்துவிடும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு இந்த இடைச்சொல்லின் வலிமை மிகவும் பிந்தியே விளங்கிற்று. அதனை விளக்கிய ஆசிரியன் நோய்தான்.

காற்றும் கூரையும்

மழையில் நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. அதில் உண்மை பாதி. மழையோ பனியோ தாமாக நோயைப் பிறப்பிப்பதில்லை. தடிமனையும் இன்புளுவென்சாவையும் விளைப்பன வைரசுகள். அவை ஒருவர் மூச்சிலிருந்து மற்றவர் மூச்சுக்கு வந்து சேரவேண்டும். அப்படியாயின், மாரிகாலத்திலே அவை ஏன் பெருகுகின்றன? வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் நாம் செய்வதை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கதவடைக்கிறோம், சாளரம் சாத்துகிறோம், பிள்ளை முதல் பாட்டி வரை ஓரறையில் ஒடுங்குகிறோம். வைரசுக்கு வேண்டியதும் அதுவே.

இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது: ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறை, நவம்பர் முதல் சனவரி வரையான மாதங்களில் மறுமுறை. வடகீழ்ப் பருவமழையை நம்பி வாழும் குடாநாட்டாருக்கு இவ்விரண்டாம் பருவமே உறைப்பானது. கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் பனிக்காலக் காய்ச்சல் பரவுகின்ற மாதங்களும் இவையே. விடுமுறைக்கு வரும் நம் உறவினர் பெட்டிகளோடு அதனையும் கொண்டுவருதல் கூடும். அவர்களை நோவதற்காக இதனைச் சொல்லவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து இரவு முழுவதும் அடைத்த ஊர்தியில் வந்து, விடிந்ததும் அப்பாச்சியைக் கட்டிக்கொள்ளும் பேரப்பிள்ளையின் அன்பை யார் குறைகூறுவார்?

இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமன்றி, பேசும்போதும் பாடும்போதும்கூட நம் வாயிலிருந்து மிக நுண்ணிய துளிகள் வெளிப்படுகின்றன. பெரியவை விரைவில் நிலத்தில் விழுகின்றன. நுண்ணியவை, விறகடுப்பின் புகைபோல, காற்றோட்டமற்ற அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும். கொரோனாப் பெருந்தொற்றின் தொடக்கத்தில் மருத்துவ உலகம் இந்த உண்மைக்கு உரிய இடம் கொடுக்கத் தயங்கிற்று. பல வாதங்களின் பின்னர், 2024 ஏப்பிரலில் உலக சுகாதார தாபனம் காற்றின் வழி பரவும் நோய்களுக்குரிய சொற்களையே திருத்தி அமைத்தது.

நம் பழைய வீடுகளோ இந்தப் பாடத்தைக் கேளாமலே அறிந்திருந்தன. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்து கிடந்தது. காய்ச்சற்காரர் திண்ணையில் படுத்தார். கிடுகின் இடுக்குகளால் காற்று புகுந்து வெளியேறிற்று. இன்று நாம் கட்டும் சீமெந்து வீடுகளில் கண்ணாடிச் சாளரங்கள் அழகாக இருக்கின்றன; ஆனால் கள்வருக்கும் நுளம்புக்கும் அஞ்சி அவை திறக்கப்படுவதில்லை. பழைய வீடுகளுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எதிரெதிரான இரண்டு சாளரங்களைப் பகலில் திறந்துவைக்க எந்தச் சிற்பியும் வேண்டியதில்லை. நுளம்புக்கு வலை அடித்தால் போதும்.

கப்பல் கொண்டுவந்த காய்ச்சல்

"தானே" என்று சொல்லப்பட்ட காய்ச்சல் என்ன செய்யவல்லது என்பதற்கு வரலாறு சான்று தருகின்றது. 1918 இல் உலகைச் சூழ்ந்த இன்புளுவென்சா, கப்பலும் புகைவண்டியும் சென்ற வழியே இலங்கைக்குள்ளும் புகுந்தது. இங்கு மாண்டோர் தொகை பற்றி ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடு உண்டு. மிகக் குறைந்த மதிப்பீடும் பல்லாயிரம் உயிர்களைச் சொல்லுகிறது. இந்தியாவில் அது ஒருகோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இத்தனை பேரை மாய்த்தது ஒரு வைரசு என்பதையே அன்று எவரும் அறியார். மனிதரைப் பீடிக்கும் இன்புளுவென்சா வைரசு 1933 இலேதான் பிரித்தறியப்பட்டது.

1957 நம் மூத்தோர் நினைவில் இன்னும் இருக்கிறது. அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த ரஜூலாக் கப்பல் "ஆசியக் காய்ச்சல்" எனப்பட்ட புதிய இன்புளுவென்சாவைக் கரையேற்றிற்று. அடுத்த பெப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளர் 44 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் இறந்தவராகப் பதிவானோர் 1,098 பேர். பதிவேட்டில் ஏறாதோர் இன்னும் பலர் இருந்திருப்பர். ஆயினும் இந்தக் கணக்கையே வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ நாலாயிரம் பேருக்கு ஒருவர்.

"தடிமன்தானே" என்னும் வாக்கின் இரகசியம் இங்கே வெளிப்படுகின்றது. அது பொய்யன்று, நாலாயிரத்தில் ஒருவர் ஒழிந்த ஏனையோருக்கு அது மெய்யே. எழுந்து நடமாடி, வேலியோரம் நின்று அச்சொல்லைச் சொல்லுகிறவர்கள் அவர்கள்தாம். அந்த ஒருவர் அதனை மறுத்துரைக்க வருவதில்லை. அவர் பெரும்பாலும் மூப்படைந்தவர், அல்லது கைக்குழந்தை, அல்லது கருவுற்ற பெண், அல்லது தொய்வும் நீரிழிவும் இருதய நோயும் உடையவர். பிள்ளைகள் கடல்கடந்து போய்விட, முதியோர் பலர் தனித்தும் இருவராயும் வாழும் நம் ஊர்களில் அந்த ஒருவரைத் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை.

மூன்று காய்ச்சல்கள்

குடாநாட்டில் மாரிகாலக் காய்ச்சல் ஒன்றன்று என்பதையும் ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லவேண்டும். 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழை யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கிற்று. டிசம்பர் முதல் வாரங்களில் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வைத்தியசாலைகளுக்கு வந்தவர்களுள் ஏழு பேர் வரை சில நாட்களுக்குள்ளே இறந்தனர். புதிதான சுவாச நோய் ஒன்று புகுந்துவிட்டதென ஊரெங்கும் பேச்சு. இரத்த மாதிரிகளின் பரிசோதனை வேறு விடை தந்தது: எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்திலும் சேற்றிலும் கால்வைத்தோரைப் பற்றும் பற்றீரியா நோய் அது. வைரசுக்கு உதவாத நுண்ணுயிர்கொல்லி மருந்து அதற்கு நன்கு உதவும். ஆனால் காலந்தாழ்த்தாது கொடுக்கப்படவேண்டும்.

இதே மாதங்களில் டெங்குவும் இங்கு உச்சமடைகின்றது. ஆகவே மானிப்பாயில் மார்கழி மாதத்துக் காய்ச்சல், இன்புளுவென்சாவாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம், வயலிலோ வெள்ளத்திலோ நின்றவருக்கு எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். முதல் நாளில் மூன்றும் ஒரே முகம் காட்டும். "வைரசுக் காய்ச்சல்தானே" என்று மூன்று நாளைப் போக்குவதும், கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி விழுங்குவதும் ஆபத்தானவை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே அளவோடு எடுக்கத் தக்கது. அஸ்பிரின், இபுபுறோபன் போன்றவை டெங்குவில் இரத்தக்கசிவுக்கு வழிசெய்யும். காய்ச்சல் தணியாதாயின் மூன்றாம் நாளுக்குள் வைத்தியரிடம் சென்று இரத்தத்தைப் பரிசோதித்தல் வேண்டும். அவரிடம், "வெள்ளத்தில் நின்றேன்", "வயலில் இறங்கினேன்" என்பதையும் மறவாது சொல்லவேண்டும்.

அசட்டைக்கு மறுபுறம் நிற்பது பீதி. 2025 சனவரியில், சீனாவில் புதியதொரு வைரசு கிளம்பிற்று என்று கைப்பேசிகள் அலறின. அது 2001 இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட மனித மெற்றாநியூமோ வைரசு. ஆண்டுதோறும் உலகெங்கும் குழந்தைகளுக்குத் தடிமனைத் தந்துகொண்டிருப்பது. பீதி சில நாளில் ஓய்ந்தது. பீதி ஓய்ந்ததும் நாம் செய்தது என்ன? சாளரத்தைத் திறந்தோமா? இல்லை, "தானே" என்று பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம். அசட்டையும் பீதியும் ஒருதாய்ப் பிள்ளைகள், அறியாமையே அத்தாய்.

வரவுப் பதிவேடு

இனி என் சொந்தத் தொழிலின் குற்றத்தைச் சொல்லவேண்டும். ஆண்டு முழுவதும் ஒருநாளும் தவறாது பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் ஒரு பரிசு கொடுப்பது வழக்கம். அப்பரிசைப் பல ஆண்டுகள் நானே மேடைக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை பத்து வயதுச் சிறுவன் ஒருவன், கண்கள் சிவந்து, மூக்குறிஞ்சிக்கொண்டு வகுப்பில் இருந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்; கொதித்தது. "ஏன் தம்பி வந்தனீ?" என்றேன். "வரவு போயிடும் சேர்" என்றான். அவன் கடமையுணர்ச்சியை அன்று வகுப்பார் முன்னிலையில் மெச்சிப் பேசினேன். மறுவாரம் வகுப்பில் பதினொருவர் இல்லை. அவர்கள் வீடுகளில் எத்தனை முதியோர் படுத்தனர் என்று நான் விசாரிக்கவில்லை.

இன்புளுவென்சாக் கண்டவர் நோய் வெளித்தோன்றுவதற்கு ஒருநாள் முன்னிருந்தே பிறருக்கு அதனைக் கொடுக்கவல்லவர். தோன்றிய பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுக்கவல்லவர். குழந்தைகள் இன்னும் நீண்டநாள் கொடுப்பர். ஆதலால், மருந்தின் துணையின்றிக் காய்ச்சல் தணிந்து ஒருநாளாவது கழியும்வரை பிள்ளையை வீட்டில் நிறுத்துதலே முறை. அந்த நாட்களை வரவுக் குறைவாக எண்ணாதிருப்பது பாடசாலையின் கடமை. ஒழுங்கான வரவைப் போற்றுவோம். ஆனால் நோயோடு வந்த வரவைப் போற்றாதிருப்போம்.

தனியார் கல்வி நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். கிடுகுக் கொட்டிலில், பக்கம் திறந்த வாங்குகளில் இருந்து படித்த காலம் போய், நூறு இருநூறு பிள்ளைகள் தோளோடு தோள் நெருங்கியிருக்கும் அடைத்த மண்டபங்களில் இன்று படிப்பு நடக்கின்றது. பரீட்சை நெருங்கினால் காய்ச்சலோடும் பிள்ளை அங்கே போகும். ஒருநாட் பாடம் தவறினால் வாழ்வே தவறிவிடும் என்று பெற்றாரும் அஞ்சுவர். அந்த அச்சத்தை நான் அறிவேன். அதனை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் சுவரில் காற்று புகும் வழிகளை வைப்பதற்கும், தவறிய பாடத்தின் குறிப்பைக் கொடுத்தனுப்புவதற்கும் எந்தப் பரீட்சையும் தடையன்று.

வருத்தம் பார்த்தல்

நம்மிடையே ஓர் உயர்ந்த வழக்கம் உண்டு. யாருக்கேனும் சுகமில்லையென்றால் தோடம்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு வருத்தம் பார்க்கப் போவோம். போகாதவர் உறவில் குறைந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், சண்டிலிப்பாயில் இருந்த என் பெரியம்மாவுக்குக் கால் முறிந்து வீட்டில் படுத்திருந்தார். வயது எண்பத்திரண்டு, நெடுநாளைய தொய்வுக்காரர். எனக்கு அப்போது தடிமன். போகாதிருந்தால் மரியாதை ஆகாதே என்று போனேன். "மழைக்குள்ளை ஏன் மோனை வந்தனீ?" என்று கட்டிலருகே என்னை இருத்தி, என் கையைப் பிடித்தபடி ஒருமணி நேரம் கதைத்தார். வாடை வீசியதால் சாளரம் சாத்தியிருந்தது. நான் இருமியபோது, "சுகமில்லையோ?" என்று கேட்டார். "தடிமன்தானே பெரியம்மா" என்றேன்.

நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். அது நியூமோனியாவாக முதிர்ந்தது. பதினோராம் நாள் அவர் இல்லை.

என்னால்தான் அது நேர்ந்தது என்று துணிந்து கூறவல்லவர் எவருமிலர். அவ்வீட்டுக்கு அந்த வாரம் வந்துபோனவர் பலர். என்னால் அன்று என்று கூறவல்லவரும் எவருமிலர். செத்தவீட்டில் எல்லாரும், "வயது வந்துவிட்டதுதானே" என்றார்கள். அங்கும் அதே இடைச்சொல்.

அன்று முதல் ஒன்றைத் தெளிந்தேன். விலகி நிற்பது சிலவேளை வந்து நிற்பதிலும் பெரிய உபசாரம். தடிமன் உள்ளவர் முதியோர் வீட்டுக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும் போகாதிருப்பதை நாம் மரியாதைக் குறைவாகக் கொள்ளலாகாது. வாசலில் நின்று நலம் கேட்டுப் பழத்தைக் கொடுத்துத் திரும்புகிறவரை, "உள்ளே வாருங்கள்" என்று வற்புறுத்தலாகாது. கட்டாயம் போகவேண்டியிருப்பின் முகக்கவசம் அணிவதில் வெட்கமில்லை. மலாயாவில் உழைத்து இளைப்பாறியோர் பலர் வாழ்ந்த ஊர் மானிப்பாய். ஆதலால் மலாயாவின் பினாங்கில் பிறந்த வைத்தியர் வூ லியன்தேயை இங்கு நினைப்பது பொருந்தும். 1910-11 இல் மஞ்சூரியாவில் நுரையீரற் கொள்ளைநோய் பரவியபோது, அது மூச்சுவழி பரவுகின்றதென்று கண்டு, பஞ்சும் துணியும் கொண்டு முகக்கவசம் அணிவித்தவர் அவர். அதனை மறுத்து நோயாளரிடம் வெறும் முகத்தோடு சென்ற பிரஞ்சு வைத்தியர் ஒருவர் சில நாளில் அந்நோயினாலேயே மாண்டார்.

நோயாளரைப் பழித்தலும் ஆகாது. 2020 மார்ச்சு மாதம் அரியாலையில் நடந்த ஆராதனைக் கூட்டம் ஒன்றின் பின் குடாநாட்டின் முதல் கொரோனாத் தொற்றுகள் வெளிப்பட்டன. நோயைத் தேடிய கண்கள் விரைவில் குற்றவாளியைத் தேடத் தொடங்கின. பழிக்கு அஞ்சுகிறவன் நோயை ஒளிப்பான். ஒளித்த நோய் ஊரைப் பிடிக்கும். என் கதையை இங்கே எழுதியதும் அதன்பொருட்டே.

வீட்டில் செய்யத்தக்கவை

இவற்றை ஆசிரியர்கள் மாணவரிடமும், மாணவர் வீட்டாரிடமும் சொல்லலாம். நோயாளருக்குக் கூடுமானால் தனியறை. இல்லையேல் சாளரத்தருகே படுக்கை. ஒருவரே பராமரித்தல் நன்று. அவர் இளையவராயும் நோயற்றவராயும் இருத்தல் மேலும் நன்று. சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், முழங்கை மடிப்பில் இருமுதல், ஒரே செம்பில் பலர் நீர் அருந்தாமை. சமையலறைப் புகையும் சுருட்டுப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் நுரையீரலின் காவலைக் கெடுக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது மாசுற்ற காற்று வடக்கிலிருந்து வந்து நிறைந்ததனால் இலங்கையில் பாடசாலைகளை ஒருநாள் மூடவேண்டி வந்தது. அத்தகைய நாட்களில் தொய்வுக்காரர் வெளியே உலாவாதிருத்தல் நலம். மல்லி அவித்துக் குடிப்பதும் இஞ்சிச் சாறும் தொண்டைக்கு இதம் தரும், தடையில்லை. ஆனால் குழந்தைக்கு வேது பிடிப்பிக்கவேண்டாம். கொதிநீர் கவிழ்ந்தால் தடிமனிலும் பெரிய தீங்கு நேரும்.

இன்புளுவென்சாவுக்குத் தடுப்பூசி உண்டு. வைரசு ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. நம் நாட்டில் அது பெரும்பாலும் பணங்கொடுத்துப் பெறவேண்டியதாக இருக்கிறது, எல்லாராலும் இயலாது. அயல்நாட்டிலிருந்து பெற்றாருக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகள், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் இதனை நினைப்பார்களாக.

குழந்தையின் மூச்சை எண்ணும் முறையை ஒவ்வொரு தாயும் அறிதல் வேண்டும். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒருநிமிடம் முழுவதும் நெஞ்சு எழுந்து தாழ்வதை எண்ணுக. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒருவயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்பன எல்லைகள். எண்ணிக்கை எல்லையைத் தொட்டாலோ மேற்சென்றாலோ, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடியாது சோர்ந்தாலோ, உதடு நீலித்தாலோ, விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. முதியவருக்கு மூச்சிளைப்பும், திடீரென வரும் மனத்தடுமாற்றமும் அத்தகைய அறிகுறிகள். காய்ச்சல் இல்லாமலும் அவை தோன்றலாம்.

மானிப்பாயின் கடன்

அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பினார், நூல்களைத் தமிழாக்கினார், தமிழிலே பயின்ற வைத்தியரை உருவாக்கினார். அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் உண்டு. வைத்திய அறிவைத் தமிழில் சொல்லச் சொல் இல்லை என்னும் சாக்கு, உலகில் வேறெந்த ஊருக்கு ஏற்புடையதாயினும், இந்த ஊருக்கு ஏலாது.

அவர் விட்டுச்சென்ற கடனை அடைக்கவேண்டியவர் வைத்தியர் மட்டுமல்லர். எழுதத் தெரிந்தவரும், கற்பிக்கத் தெரிந்தவரும் அதற்கு உரியவர். நம் இலக்கியக் கூட்டங்களும் அடைத்த மண்டபங்களிலேதான் நடைபெறுகின்றன. அடுத்த கூட்டத்தில் தலைமையுரைக்கு முன் யாரேனும் எழுந்து சாளரங்களைத் திறந்துவிட்டால், அவரை நான் அன்றைய முதற் பேச்சாளராகக் கொள்வேன்.

நாளை விடியலில் அயல்வீட்டில் மீண்டும் இருமல் கேட்கும். வேலியோரம் நின்று சுகம் விசாரிப்பேன். "தடிமன்தானே" என்று விடை வரும். இம்முறை நான் சிரித்துவிட்டுத் திரும்பப்போவதில்லை. "வீட்டில் ஆச்சி எந்த அறையில் படுக்கிறார்?" என்று கேட்பேன்.